கேஸ் வண்டியும் என் வயிற்றெரிச்சலும்

மூன்று வருடமாக என் காரில் வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் ஒரு திங்கட்கிழமை காலையில் வரவில்லை. முந்தின நாள் மாலையே நர்ஸ் அக்கா போன் செய்து சொல்லியிருந்தார். "நாளையிலேர்ந்து நாங்க அந்தப் பொண்ணு வண்டியில வர்றோம் கண்ணு. கேஸ் வண்டி. செலவு கம்மியாம். நீ ஒன்னும் மனசுல வெச்சுக்காத." நான், "அதுக்கென்னங்க்கா, நல்லா போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் வயிற்றுக்குள் ஏதோ காந்தத் தொடங்கியது.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சேலத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறவள் நான். அங்கே ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் பஸ்தான். நின்றுகொண்டே போய் இடுப்பு விட்டுப்போன பிறகு, என் கணவர் உரக்கடை வேலைக்காக வைத்திருந்த பழைய பெட்ரோல் காரை நான் ஓட்டப் பழகினேன். மஞ்சவாடிக் கணவாயில் லோடு லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, பதற்றமில்லாமல் சேலத்து நெரிசலுக்குள் நுழைந்த அன்று எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

வண்டியில் இடம் இருந்ததால் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டில் இருக்கும் நர்ஸ் அக்கா. வண்டி கிளம்பியதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார், கணவாய் தாண்டும்வரை ஜெபமாலை கையில் இருக்கும். இன்னொருவர் அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர். பெட்ரோலுக்கு ஆளுக்கு ஒரு பங்கு கொடுப்பார்கள். நான் அவர்களை ஒரு நாளும் தாமதமாகக் கொண்டுபோய் விட்டதில்லை. அதில் எனக்குப் பெருமை. ஊரில் யாராவது, "டீச்சரு உங்க வண்டியிலயா போறாங்க?" என்று கேட்டால், "ஆமா, நம்ம வண்டிதான்" என்று சொல்லும்போது குரல் தானாக ஒரு படி ஏறும்.

அந்தப் பொண்ணு என்று நர்ஸ் அக்கா சொன்னது, அவருடைய மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவளை. ஓசூர்ப் பக்கத்துக்காரி. அவள் கணவருக்கு எங்கள் ஊர்ப் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை கிடைத்ததால் இங்கே குடிவந்திருந்தாள். வயது முப்பதுதான் இருக்கும். வெள்ளை நிறத்தில் புத்தம் புதுக் கார், பின் கண்ணாடியில் பச்சையாக ஒரு வில்லை, அதில் சி.என்.ஜி. என்ற எழுத்து.

வண்டியில் ஏறின முதல் நாளே நடந்ததை டீச்சர் பிற்பாடு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண்ணின் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவசரத்தில் வீட்டுப் பேச்சு வந்து, "பன்னி டீச்சர், பன்னி" என்றிருக்கிறாள். கன்னடத்தில் அதற்கு வாங்க என்று அர்த்தம். டீச்சர் வாய் பிளந்து நிற்க, நர்ஸ் அக்கா சிரித்த சிரிப்பில் ஜெபமாலை கீழே விழுந்துவிட்டதாம். அதன் பிறகு அவர்கள் மூவருக்கும் காலை வணக்கமே "பன்னி"தான். பஸ் நிறுத்தத்தில் நான் வண்டியை மெதுவாக்கிக் கடந்து போகும்போது, "பன்னிக்கா பன்னி" என்று டீச்சர் நர்ஸ் அக்காவைக் கூப்பிடுவது காதில் விழும். மூன்று வருடம் என் வண்டியில் வந்தவர்கள். எங்களுக்குள் அப்படி ஒரு வார்த்தை இருந்ததே இல்லை.

அந்த நாளிலிருந்து நான் கேஸ் வண்டியின் குறைகளைத் தேட ஆரம்பித்தேன். தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. குறைகள் தானாகவே வந்தன.

முதலாவது, கேஸ் எங்கள் பக்கம் கிடையாது. பாப்பிரெட்டிப்பட்டியிலும் இல்லை, பொம்மிடியிலும் இல்லை. கணவாய் இறங்கி, சேலம் நெருங்குகிற இடத்தில்தான் அவர்கள் வழியில் ஒரு பங்க். அங்கேயும் பூமிக்கடியில் குழாய் வரவில்லை. லாரியில் சிலிண்டர்களாக அடுக்கிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். லாரி வந்த புதிதில் கேஸ் வேகமாக ஏறும். வண்டிகள் பிடிக்கப் பிடிக்க அழுத்தம் குறைந்துபோய், "பிரஷர் இல்லீங்க, பாதிதான் ஏறும், போட்டுக்கிறீங்களா?" என்பான் பங்க்காரன். பாதி போட்டுக்கொண்டு போனால் மறுநாள் மறுபடி வரிசை. ஆட்டோக்கள், வாடகைக் கார்கள், அவற்றின் பின்னால் இவர்கள். நான் அதே சாலையில்தான் போவேன். வெள்ளை வண்டி வரிசையின் வாலில் நிற்பதைப் பார்த்தால் அன்று எனக்குக் காலைச் சாப்பாடு நன்றாகச் செரிக்கும்.

"நாலு நாள் நின்னா தெரிஞ்சிரும், ஓடி வந்துருவாங்க" என்று என் கணவரிடம் சொன்னேன்.

"வந்தா கூட்டிட்டுப் போ. வரலைன்னா தனியா போ. இதுல என்னா இருக்குது?" என்றார் அவர், யூரியா வந்த கணக்கைப் பார்த்தபடி.

நான்கு நாள் போயிற்று, மாதமும் போயிற்று. ஒரு நாள் காலை அந்த பங்க்குக்கு எதிரே ரயில்வே கேட் போட்ட மாதிரி போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னால் ஏதோ கரும்பு டிராக்டர் குடைசாய்ந்திருந்தது. எனக்கு நேர் எதிரே அவர்கள் மூவரும். கேஸ் ஏற்றும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக் கூடாதென்று இறக்கிவிடுவார்கள். அந்த நேரத்தை அவர்கள் வீணாக்கவில்லை. பங்க்குக்கு வெளியே ஒரு புங்கமரம், அதன் கீழே ஒரு டீ வண்டி. நர்ஸ் அக்கா கல்லின் மேல் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் டீ கிளாஸை ஒரு கையிலும் சட்னியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நின்றபடி ஏதோ நடித்துக் காட்டினாள். யாரோ தாமதமாக வந்ததைக் கேட்கும் டாக்டரைப் போலப் புருவத்தைத் தூக்கினாள். மற்ற இருவரும் குலுங்கினார்கள்.

என் வண்டியில் யாரும் சாப்பிட்டதில்லை. சீட்டில் எண்ணெய் படும் என்று நான் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். பேச்சும் அதிகம் இருக்காது. கணவாயில் பேசினால் எனக்குக் கவனம் சிதறும். அதைத் தாண்டினால் சேலத்து நெரிசல், அங்கேயும் கவனம் வேண்டும். நான் அவர்களைச் சரியான நேரத்தில் இறக்கிவிட்டேன், அவ்வளவுதான். வரிசையில் நிற்பது அவர்களுக்குத் தண்டனை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரே பார்த்தால் அது ஏதோ பிக்னிக் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தும் அந்தப் புங்கமரம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அடுத்ததாகத் தீர்த்தமலை. ஒரு விடுமுறை நாளில் மூவரும் அவரவர் வீட்டுப் பிள்ளைகளோடு அந்தக் கேஸ் வண்டியில் போய்விட்டு வந்தார்கள். எனக்குத் தெரியாது. டீச்சர் போனில் வைத்த ஸ்டேட்டஸ் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நர்ஸ் அக்காகூட மலையேறி, சாமி கும்பிடாமல், தீர்த்தம் விழுகிற இடத்தில் நின்று தலையை மட்டும் நனைத்துக்கொண்டு சிரித்திருந்தார். இன்னொரு படம் வண்டிக்குள் எடுத்தது. அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். டீச்சர் மடியில் ஒரு பெரிய தூக்குவாளி. காலடியில் ஒரு பை, தோளில் ஒரு பை. ஒரு பிள்ளையின் தலைக்கு மேலே பாய். டிக்கி முழுவதையும் கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொண்டிருப்பதால் சாமான் எல்லாம் ஆட்கள் மேல் ஏறியிருந்தது.

"பாருங்க, ஒரு பை வெக்க இடமில்லாத வண்டி. இதுக்குப் பேரு காரா?" என்று படத்தை என் கணவரிடம் நீட்டினேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "சிரிச்சிக்கிட்டுத்தான இருக்காங்க" என்றார்.

அவரைப் போல நேராகப் பேசுகிறவரோடு குடித்தனம் நடத்துவது சுலபமில்லை.

அந்த வாரமே நான் சேலத்தில் ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். பழைய பெட்ரோல் வண்டிகளுக்கு கேஸ் கிட் பொருத்தித் தருகிற இடம் அது. பொருத்துகிறவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், டிக்கியைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போடலாம் மேடம். முதல்ல இஞ்சின் வேலை கொஞ்சம் பாக்கணும், வயசாயிருச்சு. ஆர்.சி. புக்குல ஏத்தணும், அதுக்கு ஆபீஸுக்கு அலையணும். சிலிண்டரை மூணு வருசத்துக்கு ஒருக்கா டெஸ்ட் எடுக்கணும். நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"மஞ்சவாடி ஏறணுமா? ஃபுல் லோடுல கொஞ்சம் இழுவை கம்மியாத்தான் இருக்கும். வழியில ஏதாச்சும் மக்கர் பண்ணா உங்க ஊருல இதைத் தொடுற மெக்கானிக் கிடையாது. யோசிச்சு வாங்க."

நான் யோசிக்கவில்லை. போடுவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டில் என் கணவரிடம் சொன்னபோது அவர் களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டார்.

"கடைக்கு மூட்டை ஏத்துறதே அந்த டிக்கியிலதான். அதுல குண்டு மாதிரி ஒன்னை வெச்சிட்டா நான் என்னா பண்றது?"

"உங்களுக்கு மூட்டைதான் முக்கியம்."

"சரி, மூட்டை கெடக்குது. கேஸ் போட்டா மட்டும் அவங்க உன் வண்டிக்கு வந்துருவாங்களா?"

எழுந்துபோய்த் தட்டைக் கழுவினேன். கழுவின தட்டையே மறுபடி கழுவினேன். கிட் போடும் பேச்சு அதோடு நின்றது.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் கேஸ் லாரிகள் சரியாக வரவில்லை. பங்க் வாசலில் "கேஸ் இல்லை" என்று அட்டையில் எழுதிக் கயிற்றில் கட்டியிருந்தார்கள். அட்டையைப் பார்க்கும் ஒவ்வொரு காலையிலும் எனக்குப் பண்டிகைதான். வெள்ளை வண்டி பெட்ரோலிலும் ஓடும். ஆனால் கேஸ் மலிவு என்று வாங்கியவர்கள் பெட்ரோல் டாங்கை நிரப்பி வைப்பதில்லை. அந்தப் பெண்ணும் அப்படித்தான், முள் எப்போதும் அடியில் கிடக்கும் என்று டீச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார்.

ஒரு காலை, தூறலில் கணவாய் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே இரண்டாவது வளைவில் வெள்ளை வண்டி ஓரமாக நின்றது. நான்கு விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தன. அந்தப் பெண் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேச முயன்றுகொண்டிருந்தாள். அங்கே சிக்னல் கிடைக்காது. நர்ஸ் அக்கா பாறையோரம் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நின்றார். டீச்சர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உண்மையைச் சொல்கிறேன். முதலில் வந்தது சந்தோஷம். அவ்வளவு சுத்தமான சந்தோஷத்தை நான் என் பிள்ளை மார்க் வாங்கியபோதுகூட உணர்ந்தேனோ என்னவோ. கியரைக் குறைத்து, ஓரம் கட்டி, கண்ணாடியை மெதுவாக இறக்கினேன். மெதுவாக இறக்கியது வேண்டுமென்றேதான்.

"என்னாச்சுங்க?"

"கேஸ் நேத்தே தீந்துருச்சுக்கா. பெட்ரோல் இருக்குதுன்னு நெனச்சேன், முள்ளு பொய் சொல்லிருச்சு" என்றாள் அந்தப் பெண். நெற்றியெல்லாம் மழைத்தண்ணீர். முகத்தில் வெட்கம் இருந்ததே தவிர, சிரிப்பு போகவில்லை.

"ஏறுங்க" என்றேன்.

வண்டியைப் பூட்டிவிட்டு மூவரும் ஏறினார்கள். நர்ஸ் அக்கா வழக்கம்போல முன் சீட்டுக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் பின்னால் ஏறி, "நீ முன்னாடி போம்மா, நனைஞ்சிருக்கே" என்று அந்தப் பெண்ணை முன்னால் அனுப்பினார். அவள் ஈரத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சீட் நனைவதைப் பார்த்துக்கொண்டே கியரைப் போட்டேன்.

"அக்கா, இந்த வளைவுல எப்பிடிக்கா இவ்ளோ ஸ்மூத்தா ஏத்துறீங்க? நான் எப்பவும் கிளட்ச்சைக் கருக்கிருவேன்" என்றாள்.

எதையாவது குத்தலாகச் சொல்லலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அவள் உண்மையாகவே கேட்டாள், என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விளக்கினேன். லாரியை எவ்வளவு தூரத்தில் விட்டு நிற்க வேண்டும், எந்த இடத்தில் கியரை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். கணவாயில் நான் பேசிக்கொண்டு ஓட்டியது அன்றுதான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இறக்கத்தில் அவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். கம்பு அடை. பின்னால் கொடுத்தாள், பிறகு என்னைப் பார்த்துத் தயங்கி, "வண்டியில சாப்பிடலாங்களா?" என்றாள். யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தேன். டீச்சர் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"சாப்பிடுங்க" என்றேன்.

மருத்துவமனை வாசலில் மூவரும் இறங்கினார்கள். டீச்சரின் பள்ளி தாண்டிப் போயாகிவிட்டது. பேச்சில் யாருமே கவனிக்கவில்லை, நானும்தான். "அய்யோ, ஸ்கூலு!" என்று டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். என் வண்டியில் வந்த யாரும் அதற்கு முன் தாமதமானதில்லை. நர்ஸ் அக்கா மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"கண்ணு, ஒன்னு சொல்றேன், கோச்சுக்காத. உன் வண்டியில வந்தா எனக்கு ஒரு பயமும் இல்ல. கரெக்டா கொண்டாந்து உட்ருவே. ஆனா வார்டுல நாள் பூரா வலியும் கத்தலும் கேக்குறவ நானு. வூட்டுக்குப் போனா அங்கயும் வேலை. நடுவுல இந்த ஒரு மணி நேரந்தான் நான் சிரிக்கிறது. அதுக்காகத்தான் அவகூட வர்றேன். செலவுக்காக இல்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஆம்புலன்ஸ்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன். கோபம் வந்தது. செலவுக்காகப் போயிருந்தால் கூட எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். செலவை நான் குறைத்திருப்பேன். இதை எந்த ஒர்க் ஷாப்பில் பொருத்துவது?

அன்று மாலையே அவள் கணவர் கேனில் பெட்ரோல் கொண்டுபோய் ஊற்றி வண்டியை எடுத்துவிட்டார். மறுநாள் கேஸ் லாரியும் வந்துவிட்டது. அவர்கள் வெள்ளை வண்டிக்கே போய்விட்டார்கள். நான் தனியாக ஏறி இறங்கினேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு டப்பா பால்கோவா.

"அக்கா, ஒரு யோசனை. ஒரு வாரம் உங்க வண்டி, ஒரு வாரம் என் வண்டி. கேஸை நம்பி மட்டும் போக முடியலக்கா. நாலு பேரும் ஒன்னாப் போலாம். எனக்கும் தினமும் ஓட்ட முடியல, முட்டி வலிக்குது."

என்னை வேண்டி வந்திருக்கிறாள் என்று ஒரு கணம் மனசு நிமிர்ந்தது. கேஸை நம்ப முடியாமல்தான் வந்திருக்கிறாள் என்று அடுத்த கணம் குனிந்தது. என் கணவர் உள்ளேயிருந்து, "சரின்னு சொல்லும்மா" என்று குரல் கொடுத்தார். சரி என்றேன்.

இப்போது அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறோம். என் வாரத்தில் சாப்பிடலாம். சீட்டுக்கு உறை வாங்கிப் போட்டுவிட்டேன். பேசவும் செய்கிறேன். ஆனால் பின் சீட்டில் யாராவது சிரித்தால், கண்ணாடியில் அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பெரும்பாலும் அவளைப் பார்த்துத்தான். நான் சொன்னதற்கும் அவளைப் பார்த்தே சிரிப்பார்கள்.

அவள் வாரத்தில் நானும் வரிசையில் நிற்கிறேன். எதிரே கார் ஜன்னலிலிருந்து பார்த்து நான் ஏங்கிய இடம் அது. போய் நின்று பார்த்தால் புங்கமரத்து நிழல் காலையில் சாலைப் பக்கம் விழுகிறது, லாரிகளின் புகை நேராக முகத்துக்கு வருகிறது. டீயில் சர்க்கரை தூக்கல். பேச்சும் அப்படியொன்றும் பெரிதில்லை. மாமியார், மாவு புளிக்கவில்லை, பள்ளியில் புதுத் தலைமை ஆசிரியை, இவ்வளவுதான். இதற்காகவா ஒரு வருடம் வயிறு எரிந்தது என்று தோன்றும். உடனேயே பங்க்காரன் அவளைப் பார்த்து, "வாங்கக்கா, இன்னிக்கு ஃபுல் பிரஷர், நிரம்பப் போட்டுரலாம்" என்று கையசைப்பான். என் பக்கம் திரும்பக்கூட மாட்டான். மறுபடி எரியும்.

போன வாரம் அங்கே நின்றபோது வெயில் கடுமையாக இருந்தது. கேஸ் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சர் பையிலிருந்து குடையை எடுத்து விரித்து, பேச்சை நிறுத்தாமலே அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் பிடித்தார். இருவரும் அதற்குள் ஒட்டிக்கொண்டார்கள். நான் கைப்பையை நெற்றிக்கு மேல் வைத்தபடி நின்றேன். நர்ஸ் அக்கா தன் சேலைத் தலைப்பைத் தூக்கி, என் தோளைப் பிடித்து அதற்குள் இழுத்துக்கொண்டார்.

"வெயில்ல ஏன்டி நிக்கிறே, இங்க வா" என்றார்.

அவர் தலைப்பில் டெட்டால் வாசம் அடித்தது. அந்த நிழல் எங்கள் இருவருக்கும் போதவில்லை. என் ஒரு தோள் வெயிலில்தான் இருந்தது. நான் அக்காவை இன்னும் நெருங்கி நின்றுகொண்டு, குடையின் கீழே அவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.